பழைய இல்லத்துக்குப் புதுப் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளுக்காகவும் குடும்பங்களுக்காகவும் ஐம்பது அறுபது வருஷமாக நடந்துவரும் அமைப்புகள் பெயரை மாற்ற யோசிக்கும்போது என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுவார்கள். ஆண்டறிக்கை எழுதுவது, நோட்டீஸ் அடிப்பது, போர்டுக்கு வாசகம் எழுதிக் கொடுப்பது என்று ஆரம்பித்து இந்த வேலைக்கு வந்தேன். நிர்வாகக் குழுக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இத்தனை வருஷம் நல்ல பேர் எடுத்த அமைப்பு. பெயரை எதற்கு மாற்ற வேண்டும்?

நல்ல பேர் வேறு, பலகையில் இருக்கும் பெயர் வேறு. முதலாவது நீங்கள் சம்பாதித்தது, அது எங்கேயும் போகாது. இரண்டாவது ஒரு காலத்தின் சொல். காலம் நகரும்போது அந்தச் சொல் குழந்தையின் மேல் பாரமாக உட்கார்ந்துவிடும்.

நான் போன ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தின் பெயரில் 'அனாதை' என்ற சொல் தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. தொடங்கிய அன்று யாரும் அதைத் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். அங்கே எல்லாப் பாத்திரத்திலும் இல்லத்தின் பெயர் வெட்டியிருக்கும். சீர்ப் பாத்திரத்தில் புள்ளி புள்ளியாக வெட்டுவோமே, அதே மாதிரி. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், டிபன் பாக்ஸ் மூடியில் வெட்டியிருந்த பெயரின் மேல் ரோஜாப்பூ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். கழுவக் கழுவ ஓரம் பிய்ந்துவிடும். கைச்செலவுக்குக் கிடைக்கும் காசில் மாசத்துக்கு ஒன்று வாங்கி மறுபடி ஒட்டுவாள். ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் செய்கிறாளாம். வார்டனுக்குத் தெரியும், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மூடியைப் பார்த்த பிறகு "பெயரில் என்ன இருக்கிறது" என்று எந்த டிரஸ்டி சொன்னாலும் என்னால் தலையாட்ட முடிவதில்லை.

இது வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயமும் இல்லை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் அடிப்படைக் கோட்பாடுகள் என்று சிலவற்றைச் சொல்கிறது. குழந்தை தொடர்பான நடவடிக்கைகளில் குற்றம் சாட்டும், முத்திரை குத்தும் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. போர்டை மாற்று என்று அந்தச் சட்டம் உத்தரவு போடவில்லை. ஆனால் பேச்சிலும் கோப்பிலும் வரக்கூடாத சொல் வாசலில் இரண்டடி உயர எழுத்தில் நிற்கலாமா?

மாற்ற வேண்டும் என்று எப்போது முடிவுக்கு வரலாம்?

பெயரில் இருக்கும் சொல் குழந்தையைக் குறைத்துக் காட்டினால் வேறு காரணமே தேவையில்லை, மாற்றுங்கள். வேலை மாறிப்போய்ப் பெயர் மட்டும் பழைய வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தாலும் மாற்றலாம். விடுதி நடத்திய பல அமைப்புகள் இன்று குழந்தையைச் சொந்தக் குடும்பத்தோடு சேர்த்து வைப்பது, வளர்ப்புக் குடும்பம் தேடித் தருவது, தாய்மார்களுக்கு ஆலோசனை சொல்வது என்று நகர்ந்துவிட்டன. பெயரில் 'விடுதி' இருக்கும்வரை, வீட்டிலேயே உதவி கிடைக்கும் என்று தெரியாமல் அம்மாக்கள் பிள்ளையை விடத்தான் வருவார்கள்.

பெயர் சலித்துவிட்டது, புதுச் செயலாளர் வந்திருக்கிறார், பக்கத்து அமைப்பின் லோகோ அழகாக இருக்கிறது, இதெல்லாம் காரணமே இல்லை.

வெளிநாட்டில் பெரிய அமைப்புகள் இதைச் செய்திருக்கின்றனவா?

நிறைய. இங்கிலாந்து உதாரணங்களை நான் அதிகம் சொல்வேன். நூறு நூற்றைம்பது வருஷமாக ஒரே வேலையைச் செய்துவந்த அமைப்புகள் அங்கே இருப்பதால், ஒரு சொல் எப்படிப் பழசாகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்க முடியும்.

எட்வர்ட் ருடால்ஃப் என்ற அரசு ஊழியர் தெற்கு லண்டனில் ஞாயிறு பள்ளி ஒன்றையும் நடத்திவந்தார். ஒழுங்காக வந்துகொண்டிருந்த இரண்டு பையன்கள் திடீரென்று நின்றுவிட்டார்கள். தேடிப் போனால், அப்பா இறந்துவிட்டார், பையன்கள் எரிவாயு ஆலைத் தொழிலாளிகளிடம் சாப்பாடு கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 1881-இல் அவர் தொடங்கிய சங்கம். 'வெய்ஃப்ஸ் அண்ட் ஸ்ட்ரேஸ்' என்ற பெயரில் ஊரெல்லாம் அதை அறிந்திருந்தது. அந்தத் தொடர் பழைய ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்தது. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளும், கட்டறுத்துக்கொண்டு அலையும் மாடும் என்று அர்த்தம். அறுபது வருஷத்துக்கு மேல் அந்தப் பெயர்தான். 1946-இல் 'சர்ச் ஆஃப் இங்கிலாந்து சில்ட்ரன்ஸ் சொசைட்டி' ஆனது, 1982-இல் 'தி சில்ட்ரன்ஸ் சொசைட்டி' ஆனது. கேட்பாரற்ற பொருள் கடைசியில் குழந்தையானது. மற்றதெல்லாம் உதிர்ந்துவிட்டது.

பர்னார்டோ அமைப்பின் கதையும் இப்படிக் கழித்துக்கொண்டே போன கதைதான். டப்ளினில் பிறந்த தாமஸ் பர்னார்டோ, சீனாவுக்கு மருத்துவ ஊழியம் செய்யப் போகும் எண்ணத்தோடு 1866-இல் லண்டனுக்குப் படிக்க வந்தார். கிழக்கு லண்டன் தெருக்களில் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். 1870-இல் ஸ்டெப்னியில் பையன்களுக்கான இல்லம் திறந்தார். 'டாக்டர் பர்னார்டோஸ் ஹோம்ஸ்' என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது. 1966-இல் 'ஹோம்ஸ்' போனது. பெரிய இல்லங்களை மூடிக்கொண்டு தத்து, வளர்ப்புக் குடும்பம், குடும்ப உதவி என்று வேலை திரும்பிய காலம் அது. 1988-இல் 'டாக்டர்' என்பதும் போய் 'பர்னார்டோஸ்' மட்டும் நின்றது. ஒரே நாளில் புதுப் பெயரைத் தூக்கி வைக்காமல், பொருந்தாத சொல்லை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நம் ஊர் அமைப்புகள் பலவற்றுக்கு இந்த வழிதான் ஒத்துவரும் என்பது என் கருத்து.

மூன்றாவது, 'ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி'. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர்கள் மூன்று பேரும் ஒரு சமூகப் பணியாளரும் சேர்ந்து 1952-இல் தொடங்கியது. 'ஸ்பாஸ்டிக்' என்பது அப்போது வெறும் மருத்துவச் சொல், தசை இறுகிப்போவதைக் குறிப்பது. அடுத்த சில பத்தாண்டுகளில் அது பள்ளி மைதானத்தில் ஒருவரையொருவர் திட்டும் வசவாகிவிட்டது. 1994-இல் 'ஸ்கோப்' என்று மாற்றினார்கள். பெற்றோர்கள் ஆசையாக வைத்த பெயர், அதே பிள்ளைகளை அடிக்கும் கல்லானது. இதில் யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது. சொல்லுக்கு அப்படி நேர்ந்தது, அவர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

அமெரிக்காவில் 1938-இல் 'சைனாஸ் சில்ட்ரன் ஃபண்ட்' என்று தொடங்கிய அமைப்பு, சீனாவுக்கு வெளியிலும் வேலை விரிந்த பிறகு 1951-இல் 'கிறிஸ்டியன் சில்ட்ரன்ஸ் ஃபண்ட்' ஆனது. சி.சி.எஃப். என்ற எழுத்துகள் அப்படியே தங்கின. 2009-இல் 'சைல்டுஃபண்ட் இன்டர்நேஷனல்' ஆயிற்று. முதலில் நாட்டின் பெயர், அப்புறம் சமயத்தின் பெயர், இப்போது குழந்தை மட்டும்.

நம் ஊரில்?

சென்னையில் 1985-இல் 'ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி' என்ற பெயரில் தொடங்கிய அமைப்பைத்தான் இன்று 'வித்யாசாகர்' என்று நாம் அறிகிறோம். லண்டனில் வசவாகிப்போன அதே சொல்லை இங்கேயும் எடுத்துவிட்டார்கள். புதுப் பெயரில் நோயும் இல்லை, குறையும் இல்லை.

அரசே செய்ததும் உண்டு. 'ஊனமுற்றோர்' என்ற சொல் 'மாற்றுத்திறனாளிகள்' ஆனது நம் கண் முன்னால் நடந்தது. இன்று பஸ்ஸில் இருக்கைக்கு மேல் எழுதியிருப்பதும் அதுதான். 2025-இல் ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை போன்ற துறைகளின் மாணவர் விடுதிகளை 'சமூகநீதி விடுதிகள்' என்று அழைக்கப்போவதாகத் தமிழக அரசு அறிவித்தது. விடுதியின் பெயரைச் சொன்னாலே பிள்ளையின் சாதி தெரிந்துவிடும் நிலை இனி இருக்கக் கூடாது என்பதுதான் எண்ணம்.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் மாற்றவே தேவையில்லாமல் போன பெயர். முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் பெண் குழந்தைகளுக்காகத் தொடங்கிய இடத்துக்கு 'அவ்வை இல்லம்' என்று பெயர் வைத்தார். போக இடமில்லாமல் வந்த பெண்களுக்காகத் தொடங்கியது. அவர்கள் எதை இழந்து வந்தார்கள் என்று அந்தப் பெயரில் ஒரு எழுத்துகூட இல்லை. ஒரு கிழவி, ஒரு கவி, எல்லா வீட்டுக்குள்ளும் உரிமையோடு நுழைந்தவள். "நான் அவ்வை இல்லத்துப் பெண்" என்று எந்த வயசிலும் சொல்லலாம். 1949-இல் காமராஜரின் ஆதரவோடு தொடங்கிய 'பால மந்திர்' பெயரிலும் இந்த நிதானம் இருக்கிறது.

யாரைக் கேட்டு முடிவெடுப்பது?

கமிட்டிகள் வழக்கமாகக் கேட்கும் வரிசை: டிரஸ்டிகள், பெரிய நன்கொடையாளர்கள், ஊழியர்கள், கடைசியில் நேரம் இருந்தால் குழந்தைகள். இதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது. பெயரை விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்பவர் டிரஸ்டி. பள்ளி விண்ணப்பத்தில் 'முகவரி' என்ற கட்டத்தில் எழுதுபவர் குழந்தை. யாருக்கு அந்தப் பெயர் அதிகம் வேலை வைக்கிறதோ அவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தையின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதும் அதே சிறார் நீதிச் சட்டத்தின் கோட்பாடுகளில் ஒன்று.

அடுத்தது, அங்கே வளர்ந்து வெளியே போனவர்கள். இவர்களைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நானும் மறந்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த ஓர் இல்லத்தில் புதுப் பெயர் வந்து மூன்று மாசம் இருக்கும். பழைய மாணவி ஒருத்தி, அப்போது திருப்பூரில் வேலையில் இருந்தவள், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கல்யாணப் பத்திரிகையோடு வந்திருக்கிறாள். முதல் பத்திரிகையை இல்லத்துக்குத்தான் வைக்க வேண்டும் என்று வந்தவள். வாசலில் வேறு பெயர், வேறு நிறம், புது வாட்ச்மேன். "இங்கே இருந்த ஹோமை எடுத்துட்டாங்களா அண்ணே?" என்று கேட்டிருக்கிறாள். அவருக்கும் பழைய பெயர் தெரியாது. "அது இல்லம்மா, இது வேற" என்று சொல்லிவிட்டார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை வாசலில் தாம்பாளத்தோடு நின்றவளைச் சமையல்கார அம்மா காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அடையாளம் கண்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார்.

அந்தப் பத்திரிகையை நான் பார்த்தேன். மணமகளின் பெற்றோர் பெயர் வரும் இடத்தில், இல்லத்தின் பழைய பெயரை முழுசாக அச்சடித்திருந்தாள். நாங்கள் எந்தச் சொல்லைக் களங்கம் என்று எடுத்தோமோ, அந்தச் சொல்லும் அதில் இருந்தது.

ஒரு பெண் ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கிறாள், இன்னொருத்தி கல்யாணப் பத்திரிகையில் போடுகிறாள். இரண்டும் உண்மை. அதனால் பெயரை மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த இல்லத்தின் பெயரை மாற்றியது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். பழைய மாணவிகளுக்கு ஒரு தபால் அட்டைகூடப் போடாமல் மாற்றியது தப்பு. அது அவர்களுடைய தாய்வீட்டின் பெயர்.

குழந்தைகளிடம் எப்படிக் கேட்பது? "நன்றாக இருக்கிறது சார்" என்றுதானே சொல்வார்கள்?

ஹாலில் உட்காரவைத்து, மேடையில் டிரஸ்டி இருக்கும்போது கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். பெயர் பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். "ஸ்கூலில் எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வாய்?" என்று கேளுங்கள். "பெரியம்மா வீடு", "ஹாஸ்டல்", "சர்ச் பக்கத்தில்" என்று வரும் பதில்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லத்தின் பெயரை எத்தனை பேர் சொல்லவில்லை என்பதில் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. வேன் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று விரும்புகிறார்கள் என்றும் கேட்கலாம். பள்ளிக்கு இரண்டு தெரு முன்னாலேயே இறக்கிவிடச் சொல்லும் பையன்களைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன், வேனின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தால் காரணம் புரிந்துவிடும்.

கேட்பவர் அவர்களுக்குப் பழக்கப்பட்ட அக்காவாக இருக்கட்டும். சின்னச் சின்னக் குழுவாகப் பேசுங்கள். யார் என்ன சொன்னார்கள் என்று பெயர் போட்டு எழுதாதீர்கள். அப்புறம் முக்கியமாக, கேட்டதை என்ன செய்தீர்கள் என்று திரும்ப வந்து அவர்களிடம் சொல்லுங்கள்.

நன்கொடையாளர்கள் விலகிப்போய்விட மாட்டார்களா?

இந்தப் பயம் நியாயமானது, லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பா நினைவு நாளுக்கு வருஷா வருஷம் ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுபவருக்கு உங்கள் அமைப்பு என்பது அந்தப் பழைய ரசீதும் அதிலிருக்கும் பெயரும்தான். அவருக்கு வாட்ஸ்அப்பில் லோகோவை அனுப்பினால் "வேற யாரோ எடுத்து நடத்துறாங்க போல" என்றுதான் தோன்றும்.

ஆகவே மாற்றத்துக்கு முன்னாலேயே, பழைய லெட்டர்பேடில், அவருக்குத் தெரிந்த ஆள் கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்புங்கள். நிர்வாகம் அதே, இடம் அதே, சாப்பாட்டுத் தேதி அதே என்று முதல் பத்தியிலேயே வர வேண்டும். ரசீதில் குறைந்தது இரண்டு வருஷத்துக்குப் புதுப் பெயரின் கீழ் 'முன்பு இன்ன பெயரில்' என்று அச்சடியுங்கள். வயசானவர்களுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சிலர் 'அனாதை' என்ற சொல் இருப்பதால்தான் பணம் வருகிறது, எடுத்தால் நின்றுவிடும் என்பார்கள். கொஞ்சம் குறையலாம். ஆனால் ஒரு குழந்தை தினமும் சுமக்கும் சொல்லை வைத்துத்தான் அடுப்பு எரிய வேண்டும் என்றால், மாற்ற வேண்டியது நிதி திரட்டும் முறையை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நிறுவனர் பெயரை எடுக்கலாமா?

குழந்தையைக் குறைக்காத வரைக்கும் நிறுவனர் பெயரை விட்டுவிடுங்கள். பர்னார்டோவில் எல்லாம் கழிந்த பிறகும் நின்றது அந்தப் பெயர்தான். குடும்பத்தார் யாராவது இருந்தால் கூட்டத்துக்கு முன்னால் நேரில் போய்ச் சொல்வது மரியாதை.

எப்படிப்பட்ட பெயர் நல்லது?

ஃபோனில் ஒரு தடவை சொன்னால் எதிர்ப்பக்கம் இருப்பவர் எழுதிக்கொள்ள முடிய வேண்டும். ஆட்டோக்காரர் வாயில் நுழைய வேண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை பிழையில்லாமல் எழுத வேண்டும். ஒருவர் இருபத்தைந்து வயசில் வேலைக்கான நேர்முகத்தில் சொல்லும்போது அதற்கு மேல் விளக்கம் கொடுக்க வேண்டிய நிலை வரக் கூடாது. கருணை, இரக்கம், ஆதரவு போன்ற சொற்கள் கொடுப்பவரைப் பற்றிப் பேசுகின்றன, அவற்றைத் தவிர்ப்பேன். மரம், நதி, ஊர், அவ்வை மாதிரி ஒரு நல்ல மனுஷி என்று போகலாம்.

முதலில் ஊர் ஜனம் உங்களை ஏற்கெனவே என்ன சொல்லிக் கூப்பிடுகிறது என்று விசாரியுங்கள். 'டாக்டரம்மா ஹோம்', 'புளியமரத்து ஹாஸ்டல்' என்று ஏதாவது இருக்கும். அமெரிக்காவில் இளம்பிள்ளைவாதத்துக்காக 1938-இல் தொடங்கிய தேசிய அறக்கட்டளைக்கு நீளமான பெயர் இருந்தது. ஜனங்கள் வாயில் நின்றதோ, வானொலியில் 'டைம்' (dime) என்ற பத்து சென்ட் நாணயம் கேட்டு நடந்த பிரசாரத்தின் பெயரான 'மார்ச் ஆஃப் டைம்ஸ்'. தடுப்பூசி வந்து வேலையே மாறிய பிறகு, அந்தச் செல்லப் பெயரையே அதிகாரப்பூர்வப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். யுனிசெஃப் 1946-இல் தொடங்கியபோது பெயரில் 'சர்வதேச', 'அவசரகால' என்ற சொற்கள் இருந்தன. 1953-இல் அவற்றை எடுத்துவிட்டார்கள், சுருக்கத்தை மட்டும் தொடவில்லை. குழந்தைகள் உதவிக்குக் கூப்பிடும் நம் 1098 எண்ணும் அப்படித்தான். நடத்தும் கை மாறியிருக்கிறது, குழந்தைகள் மனப்பாடம் செய்த எண் மாறவில்லை. ஜனம் பிடித்து வைத்திருக்கும் நூலை அறுத்துவிடாதீர்கள்.

தமிழில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் வேறு பெயர் என்று வைக்க வேண்டாம். வங்கியில் மாட்டிக்கொள்வீர்கள்.

படங்களையும் மாற்ற வேண்டுமா?

கண்டிப்பாக. பெயர் மாறி, நோட்டீஸில் அழுத முகம் அப்படியே இருந்தால் ஒன்றும் மாறவில்லை என்று அர்த்தம். இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. பர்னார்டோ தன் இல்லத்துக்கு வந்த பிள்ளைகளை 'வந்தபோது', 'இப்போது' என்று இரண்டு படமாக எடுத்து அட்டை போட்டு விற்றார். முதல் படத்துக்காகச் சட்டையை வேண்டுமென்றே கிழித்தார் என்று புகார் வந்து 1877-இல் நடுவர்கள் முன் விசாரணை நடந்தது. பல குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுபட்டாலும், ஜோடிக்கப்பட்ட அந்தப் படங்களை நடுவர்கள் ஏற்கவில்லை. நம் ஊரிலும் இந்த 'முன்பு, பின்பு' படங்களை இன்றும் ஆண்டறிக்கைக்குக் கேட்கிறார்கள்.

பாதுகாப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளம் தெரியும்படி பெயர், படம், பள்ளி, முகவரி வெளியிடுவதை சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. கைகள், நோட்டுப் புத்தகம், சுவரில் அவர்களே வரைந்த படம், தோட்டம், சமையலறை எல்லாம் இருக்கின்றனவே, அவற்றை எடுங்கள்.

சட்டப்படி என்னென்ன செய்ய வேண்டும்?

நீங்கள் எப்படிப் பதிவு செய்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சங்கமாக இருந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டு மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். டிரஸ்டாக இருந்தால் முதலில் பழைய பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். திருத்த அதிகாரம் அதில் இருந்தால் திருத்தப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம், இல்லாவிட்டால் நீதிமன்றம் வரை போக நேரலாம். கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிவான அமைப்புக்கு வழி தனி.

அதன் பிறகுதான் வரிசை தொடங்கும்: பான், வருமான வரிப் பதிவு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி, வங்கிக் கணக்கு. வெளிநாட்டு நன்கொடை வாங்குபவர்கள் உள்துறை அமைச்சகத்துக்கு எஃப்.சி. 6ஏ படிவத்தில் பெயர் மாற்றத்தைக் காலக்கெடுவுக்குள் தெரிவிக்க வேண்டும், டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் இருக்கும் கணக்கிலும் பெயர் மாற வேண்டும். குழந்தைகள் இல்லமாக இருந்தால் சிறார் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின் கீழ் வாங்கிய பதிவுச் சான்றிதழ் இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் எழுத்தில் தெரிவிக்காமல் போர்டைத் தொடாதீர்கள்.

அடிக்கடி விட்டுப்போவது பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு, வேனின் ஆர்.சி. புத்தகம். உயில்களும்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு ஆசிரியை பழைய பெயருக்கு வீட்டை எழுதி வைத்திருக்கலாம். இரண்டும் ஒரே அமைப்புதான் என்று காட்டும் தீர்மான நகலையும் பதிவாளரின் சான்றிதழையும் பத்திரமாக வைத்திருங்கள். ஒரு நல்ல ஆடிட்டரும் வக்கீலும் ஆரம்பத்திலிருந்தே கூட இருக்கட்டும்.

எவ்வளவு செலவாகும்?

காசு பெரும்பாலும் போவது லோகோவுக்கு இல்லை. போர்டு, வேன், ரசீதுப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், சீருடை, பாத்திரம் என்று சில்லறைச் செலவுதான் கூடிக்கொண்டே போகும். லெட்டர்பேடு தீரும்வரை பழையதில் முத்திரை குத்திப் பயன்படுத்துங்கள். ஆனால் குழந்தைகள் வெளியே எடுத்துக்கொண்டு போகும் பொருள்களை முதல் வாரமே மாற்றிவிடுங்கள்.

அமைப்பின் மேல் பழைய புகார் ஒன்று இருக்கிறது. புதுப் பெயரில் புதுசாகத் தொடங்கலாமா?

கூடாது. புகாரை விசாரித்து, பாதிக்கப்பட்டவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கும்வரை பெயரைத் தொட வேண்டாம். அந்த நேரத்தில் பெயர் மாறினால், எதையோ மறைக்கிறார்கள் என்று ஊர் நினைப்பது சரியாகத்தான் இருக்கும்.

இங்கிலாந்தின் பெரிய குழந்தை அமைப்புகள் பல, ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலில் அனுப்பின. பலருக்கு அம்மா உயிரோடு இருப்பதே சொல்லப்படவில்லை. இதற்காக ஆஸ்திரேலிய அரசு 2009-இலும் பிரிட்டிஷ் அரசு 2010-இலும் மன்னிப்புக் கேட்டன. அப்படிப் போனவர்கள் கிழவர்களான பிறகு தங்கள் கோப்பைத் தேடிக் கடிதம் எழுதினார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பழைய பெயர் மட்டுமே. ஆகவே பழைய பெயரில் வரும் தபாலும் ஃபோனும் என்றைக்கும் உங்களிடம் வந்து சேர வேண்டும். பழைய சேர்க்கைப் பதிவேடுகளை எடைக்குப் போடவே கூடாது.

எவ்வளவு காலம் எடுக்கும்?

ஒன்றரை வருஷம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாசத்தில் முடிக்கச் சொல்பவர்கள் யாரையும் கேட்காமல் முடிப்பார்கள்.

கேட்டுப் பார்த்துவிட்டு, மாற்ற வேண்டாம் என்று முடிவெடுத்தால்?

அதுவும் நல்ல முடிவே. 'சேவ் த சில்ட்ரன்' 1919-இலிருந்து அதே பெயரில்தான் இருக்கிறது. குழந்தைகளிடமும் பழைய மாணவர்களிடமும் கேட்ட கேள்விகள் வீணாகாது. வேன் நிற்கும் இடத்தையாவது மாற்றுவீர்கள்.

பழைய போர்டை என்ன செய்வது?

காயலான் கடைக்குப் போடாதீர்கள். நான் சொன்ன அந்த இல்லத்தில், கல்யாணப் பத்திரிகை சம்பவத்துக்குப் பிறகு, பின்கட்டில் கவிழ்த்து வைத்திருந்த போர்டைத் தேடி எடுத்தார்கள். துடைத்து, எண்ணெய் போட்டு, சாப்பாட்டுக் கூடத்தின் உள்சுவரில் மாட்டினார்கள். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. பழைய மாணவிகள் பிள்ளைகளோடு வரும்போது அதற்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வாட்ச்மேன் மேஜையில் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் பழைய பெயரை எழுதி, "இந்தப் பெயரைச் சொல்லி வருபவர்களை உள்ளே உட்காரவைக்கவும்" என்று சமையல்கார அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார்.